மூன்றாவது கியர்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கார் யார்டு இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏழெட்டு வருஷம் நான் அங்கே குமாஸ்தா. துறைமுகத்திலிருந்து வரும் ஒவ்வொரு புதுக் காரையும் சுற்றிவந்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, படிவத்தில் அச்சிட்டிருக்கும் கார் படத்தின்மேல் பெருக்கல் குறி போடுவது என் வேலை. கீறலே இல்லாத காருக்கும் சில சமயம் ஒரு குறி போட்டுவைப்பேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து என்னைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்வேன். வாய் சும்மா இருக்காது.

அவள் அங்கே டிரைவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கேயாவது யாராவது படித்துக் காட்டுவார்கள், அவள் சிரிப்பாள். நேரில் பார்க்க முடியாத சிரிப்பை வரவழைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

இரண்டு வருஷமாக அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. நாலைந்து சொற்கள்தான். எங்கள் படிவத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு, அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காக நான் அவளிடம் சொன்ன மற்ற வாக்கியங்களை எல்லாம் வரிசையாக அடுக்கினால் எண்ணூரில் தொடங்கி கும்மிடிப்பூண்டியைத் தாண்டும்.

முதலில் அவள் யார்டுக்கு வந்தது கார் துடைக்க. அதற்கு முன்னால் காசிமேட்டிலிருந்து புளியந்தோப்புக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் அண்ணனுடைய மீன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவள். அந்த வண்டியில் வேகம் காட்டும் முள் என்றைக்கோ உதிர்ந்து விழுந்துவிட்டதாம். வண்டியின் சத்தம்தான் அவளுக்கு முள். அண்ணனுக்குக் கல்யாணமாகி, அண்ணி வீட்டு ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டதும் இவள் ஒரு வாளியும் துணியுமாக எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

ஒருநாள் கப்பல் வந்து நிற்கிறது, டிரைவர்களில் மூன்று பேர் வரவில்லை. வரிசையில் நிற்கும் கார்களை நகர்த்தினால்தான் புதிதாக வருகிறவற்றுக்கு இடம். மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே துணி பிழிந்துகொண்டிருந்தவளிடம் நம்பிக்கையே இல்லாமல் கேட்டார்.

“உனக்கு ஓட்டத் தெரியுமாம்மா?”

அவள் துணியை முழுக்கப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். மேனேஜர் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகு பதில் வந்தது. “லைசென்ஸ் கீது சார். ஒண்ணு குடுத்துப் பாருங்க.”

கொடுத்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். வண்டி நகரவில்லை. நாங்கள் நாலு பேர் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

“எடும்மா. அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சில்ல?”

“இரு சார். இப்பத்தான் எய்ந்துகீது. மூச்சு கீழ எறங்கட்டும்.”

அரை நிமிஷம் போயிருக்கும். உயர்ந்திருந்த இன்ஜின் சத்தம் தானாகத் தணிந்து தாழ்ந்தது. அப்புறம் எடுத்தாள். பின்பக்கமாகவே ஓட்டிப்போய், இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் உள்ளங்கை இடைவெளியில் நிறுத்தினாள். கண்ணாடியைக்கூட அதிகம் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த டிரைவர் என்னிடம், “மாமு, இவ வண்டிய ஓட்டல, தாலாட்டுறா” என்றான். அன்றிலிருந்து வாளி வேறொருத்தர் கைக்குப் போனது.

அவளைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அரை நிமிஷம்தான். சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் ஒரு நாளில் நகர்த்தும் கார்களைவிட அவள் நகர்த்தியது அதிகம். ஆனால் எதையும் அதன் நேரத்துக்கு முன்னால் செய்ய மாட்டாள். டீ ஆறும்வரை டம்ளரைத் தொட மாட்டாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் தர மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று நாம் சந்தேகப்பட்டு, கேட்டதே தப்போ என்று கூசி, பேச்சை மாற்றப்போகும்போது பதில் வரும். கியரும் அப்படித்தான். “அது கேக்கட்டும், அப்பால குடுக்கலாம்” என்பாள். புதுப் பையன் யாராவது வண்டி உறுமத் தொடங்கியதும் பதறி அடுத்த கியருக்கு மாற்றினால், “சத்தத்துக்குப் பயந்து போட்டியா, வண்டிக்காகப் போட்டியா?” என்று ஒரு கேள்வி விழும். அவன் கியரை மறுபடி கீழே இறக்குவான். என்னிடம் கேட்டிருந்தால் வண்டியை விட்டே இறங்கியிருப்பேன்.

அவளுடைய மௌனத்துக்கு ஒரு பயங்கரமான சக்தி இருந்தது. ஒருமுறை வெள்ளைக் கார் ஒன்றின் பம்பரில் கீறல். கடைசியாக ஓட்டியவள் அவள் என்று பதிவு. மேனேஜர் கூப்பிட்டு விட்டார். “எப்படி ஆச்சு இது?” அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகவெல்லாம் இல்லை, டீ ஆறுவதைப் பார்ப்பதுபோல. மேனேஜர் விசிறியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கப்பலிலேயே ஆகியிருக்கலாம்” என்றார். அவள் இன்னும் பார்த்தாள். “நேத்து சாயங்காலம் நான்தான் மதில் பக்கம் கொஞ்சம் தள்ளிவெச்சேன்” என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். அந்த அறையில் இன்னும் அரை நிமிஷம் கூடியிருந்தால் நான் ஐந்தாம் வகுப்பில் செய்த திருட்டை எல்லாம் ஒப்புக்கொண்டிருப்பேன்.

யார்டில் ஒரு விதி உண்டு. கார் ஓட்டுகிறவர்கள் மோதிரம், கடிகாரம், பக்கிள் வைத்த பெல்ட் எதுவும் போடக் கூடாது, பெயின்ட்டில் கோடு விழும். ஆண்கள் இடுப்பில் நாடாவைக் கட்டிக்கொண்டு, எப்போது நழுவுமோ என்று ஒரு கையால் பிடித்தபடியே திரிவார்கள். அவள் தினமும் காலையில் கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் மேஜைமேல் வைப்பாள். கடல் காற்றில் படிவங்கள் பறக்காமல் இருக்க அதுவே பாரம். அதனால்தானோ என்னவோ எனக்கு அவள் வைத்த பெயர் பேப்பரு. நான் அவளை டிரைவரம்மா என்பேன்.

“பேப்பரு, நீ ஏன் எப்பப் பாத்தாலும் பேசிகினே கீற?” என்று ஒருமுறை கேட்டாள், வளையலைப் போட்டுக்கொண்டே.

“பேசலைன்னா பயமா இருக்கு, டிரைவரம்மா.”

அவளிடம் நான் யோசிக்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவள் சிரிக்கவில்லை. அதை எங்கேயோ பத்திரமாக வைத்துக்கொண்டதுபோல் தலையை அசைத்தாள். நான் உடனே பதறி, போன வாரம் மின்வாரியக்காரர் கம்பத்திலிருந்து விழுந்த கதையைச் சொல்லி அந்த இடத்தை மூடினேன்.

எங்கள் யார்டின் இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். உள்ளே இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே எத்தனையோ விலையுயர்ந்த கார்களைத் தொட்டு, துடைத்து, நகர்த்தியிருந்தாலும், அவற்றின் மூன்றாவது கியரை எங்களில் யாருமே பார்த்ததில்லை. இது முக்கியம். ஒரு வெள்ளிக்கிழமை நான் செய்த கூத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே சமாதானம் இதுதான்.

கப்பலில் வந்த பெரிய வண்டி அது. கறுப்பு, ஆள் உயரம். சும்மா நின்றாலே யாரையோ விசாரிக்க வந்ததுபோல் இருக்கும். வாங்கியவர் வீடு கீழ்ப்பாக்கத்தில். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வாசலுக்கு வந்தாக வேண்டும் என்று ஆணை. கார் ஏற்றிப்போகும் லாரியோ மணலிப் பக்கம் கன்டெய்னர் வரிசையில் சிக்கிவிட்டது. மேனேஜருக்கு வேறு வழியில்லை. கிளச் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியைப் பதறாமல் ஓட்டக்கூடியவள் எங்களிடம் அவள் ஒருத்திதான்.

“நீயே ரோட்டுல ஓட்டிட்டுப் போயிடு. இவரு பேப்பரோட வருவாரு” என்றார்.

அவள் யோசித்தாள். “போறேன் சார். ஆனா நடுவுல போன் பண்ணி வேகமா போ வேகமா போன்னு சொல்லக்கூடாது.”

அவசரத்தில் வளையல்களை மேஜையில் வைக்க நேரமில்லை, என்னிடம் நீட்டினாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டிக்குள் ஏறியதும் கியர் தண்டைச் சுற்றி யாருடைய விரல் ரேகையோ பளபளப்பதைப் பார்த்தேன். வாங்குகிறவர் பார்த்தால்? கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தேன். ரேகை போன பிறகும் தேய்த்தேன். கேட்டைத் தாண்டினோம்.

சாலையில் ஏறி நாற்பதைத் தொட்டதுமே கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி உறுமுகிறது. அவள் காலை லேசாக வைத்தாலே சீறிப் பாய்கிறது. முள் மேலே மேலே ஏறுகிறது, கியரோ மாறுவதாக இல்லை. இனி வெடித்துவிடும் என்று நான் கண்ணை மூடும்போது ‘டக்’கென்று பின்மண்டையில் தட்டியதுபோல் அடுத்த கியர் விழுகிறது. பிறகு மறுபடி அதே உறுமல். பிரேக்கைத் தொட்டால் தானே ஒரு கியர் இறங்கிக்கொண்டு இன்னும் கத்துகிறது. இவ்வளவு விலை கொடுத்த வண்டி மெத்தைபோல் மிதக்கும் என்று நினைத்திருந்தேன். எண்ணூர் சாலையில் கிடந்த ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாக என் முதுகெலும்பிடம் வந்து அறிமுகம் செய்துகொண்டது. என் பையில் வளையல்கள் நடுங்கின. வண்டி குலுக்கியதால் என்று சொல்லிக்கொள்கிறேன்.

“டிரைவரம்மா, வண்டி போச்சு.”

“எங்க போச்சு? அதுலதான் குந்திகினு கீற.”

“கியரு பெட்டி போச்சு. மேல ஏற மாட்டேங்குது பாரு. நிறுத்து. மேனேஜருக்குப் போன் போடுறேன். இல்ல, போடல. நாமதான் ஒடச்சோம்னு சொல்லுவாரு. இப்படியே ஓரமா வுட்டுட்டுப் போயிடலாமா?”

“கம்முனு இரு பேப்பரு.”

கம்மென்று இருப்பவனா நான். மடியிலிருந்த படிவத்தில், குறிப்பு என்ற அந்தக் கட்டத்தில், ‘கியர் பெட்டி பழுது, மேல் கியர் விழவில்லை’ என்று எழுதினேன். எழுதியதும் ஒரு நிம்மதி. எழுதிவிட்டால் பொறுப்பு தாளுக்குப் போய்விடும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை.

அவள் ஏசியை அணைத்தாள். கண்ணாடியை இறக்கினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் வரும்வரை கேட்டுக்கொண்டே ஓட்டினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புக் காற்றில் நெற்றி முடி பறந்தது. உயிர் பயத்திலும் மனிதனுக்கு இதெல்லாம் தெரிகிறது பாருங்கள்.

“இதுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் கடைசியில். “கியரு போடத் தெரியாம இல்ல. இன்னும் தம் கீதுன்னு தெரிஞ்சி பிடிச்சிகினு கீது.”

“எதுக்குப் பிடிச்சிக்கணும்?”

“அத்தத்தான் நானும் பாக்கறேன்.” அவள் கண் கீழே போனது. கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் மஞ்சளாக எரிந்தது. மேலே ‘ஸ்போர்ட்’ என்று எழுதியிருந்தது. “இது எப்ப எரிஞ்சிது?”

“நான் ஒண்ணும் பண்ணல.”

மேனேஜரைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள், சாலையையும் விடாமல்.

“கைக்குட்டை பட்டிருக்கும்” என்றேன்.

பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. வண்டி பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. கியர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சத்தமில்லாமல் ஏறின, மூன்று, நாலு, ஐந்து. உறுமல் போய்விட்டது. பள்ளங்களின்மேல் வண்டி படகுபோல ஏறி இறங்கியது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பினாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா, இதான் கோடீஸ்வரன் வண்டி” என்றேன்.

கொஞ்ச தூரம் அப்படியே போனோம். அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் விளக்கு. உறுமல்.

“ஏன்மா? நல்லாத்தானே போச்சு?”

“இரு, ரெண்டையும் பாத்துக்கலாம். இன்னொரு தபா எப்ப இத்த ஓட்டப்போறோம்.”

காசிமேடு வருவதற்குள் ஏழெட்டு முறை மாற்றி மாற்றி அழுத்தியிருப்பாள். வளைவில் விளக்கில்லாமல் திருப்பினால் வண்டி என் பக்கம் சாய்ந்தது. விளக்கோடு திருப்பினால் பெட்டிபோல நிமிர்ந்தே திரும்பியது, ஆனால் ஸ்டியரிங்குக்குக் கை பலம் வேண்டியிருந்தது. முன்னால் பின்விளக்கே இல்லாத டிரெய்லர் ஒன்று சாலை முழுவதையும் தன் பெயருக்கு எழுதிவாங்கியதுபோல் ஊர்ந்தது. விளக்கில்லாமல் அதைத் தாண்டப் பார்த்தாள். காலை அழுத்தினாள், வண்டி யோசித்தது, யாரிடமோ அனுமதி கேட்டது, அதற்குள் இடைவெளி மூடிவிட்டது. பின்வாங்கினாள். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த இடைவெளி கிடைத்ததும் காலை வைத்தாள். இரண்டு கியர் ஒன்றாக இறங்கியது. டிரெய்லரின் பதினெட்டு சக்கரங்களும் என் காதோரம் பின்னால் போயின. கண்ணைத் திறந்தபோது எனக்குத் தெரிந்த எல்லா அம்மன்களின் பெயரும் என் வாயில் இருந்தன.

“புரிஞ்சிதா பேப்பரு?” அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம். “வெளக்கு இல்லன்னா அது சத்தம் வரக்கூடாதுன்னு முன்கூட்டியே மேல போட்டுனு பூடுது. சொகமா கீது, பெட்ரோலும் மிச்சம். ஆனா திடீர்னு வேணும்னா அதுங்கிட்ட ஒண்ணும் இல்ல, தேடுது. வெளக்கு எரிஞ்சா சத்தத்துக்குப் பயப்படல. கையிலயே வெச்சிகினு கீது.”

“எனக்கு அந்தச் சொகம்தான் பிடிச்சிருக்கு” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டியதும் சாலை நின்றுவிட்டது. துறைமுக வாசலுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை. மணி ஒன்பதே முக்கால். இன்ஜினின் மெல்லிய முனகலைத் தவிர உள்ளே சத்தமில்லை. எனக்கு அது ஆகாது. மீன் நாற்றத்தில் ராகுகாலம் வண்டிக்குள் வராது என்று ஏதோ ஆரம்பித்தேன்.

“மேனேஜரு தூத்துக்குடிக்குப் போறியான்னு கேக்கறாரு” என்றாள். “அங்க புதுசா யார்டு போடறாங்களாம். டிரைவருங்களுக்கு இந்த மாதிரி வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கணும். அம்மாவையும் இட்டுகினு போலாம், வூடு தராங்க. இன்னிக்கி சொல்லணும்.”

எனக்குள் ஏதோ ஒன்று இருக்கையிலிருந்து நழுவி வண்டிக்கு அடியில் போனது. “நல்லதுதானே” என்றது என் வாய். என்னைக் கேட்காமலே.

“எனக்கு நல்லதுதான். அத்த நான் யோசிச்சிட்டேன்.” அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின்மேல் வைத்து என் பக்கம் திரும்பினாள். “நீ இன்னா சொல்ற?”

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு லாரி நீளம் காலி. பின்னாலிருந்து ஹாரன். அவள் நகர்த்தவில்லை.

“ஹாரன் அடிக்கிறாங்க, டிரைவரம்மா.”

“அடிக்கட்டும். நீ சொல்லு. கேட்டுகினு கீறேன்.”

இரண்டு ஹாரன், நாலு ஹாரன். ஒரு ஷேர் ஆட்டோ இடப்பக்கமாக எங்களை உரசாமல் உரசிப்போனது, ஓட்டியவன் எங்கள் வம்சத்தை விசாரித்தான். இடைவெளி இரண்டு லாரி நீளமானது. அவள் பார்வை மாறவே இல்லை. அந்த நாலைந்து சொற்களும் என் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றன. வெளியே தள்ள வேண்டியது மட்டும்தான் பாக்கி. மறுபடி ஹாரன். இந்தச் சத்தத்தை இன்னும் ஒரு நொடி தாங்கினால் ஏதோ உடைந்துவிடும் என்று தோன்றியது.

“போயேன். தூத்துக்குடி மக்ரூன் நல்லா இருக்குமாமே. அரைக் கிலோ அனுப்பிவை” என்றேன். சிரித்தேன் வேறு.

அவள் உடனே திரும்பிவிடவில்லை. அதுதான் இத்தனை வருஷம் கழித்தும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நான் சொன்ன பிறகும் சற்று நேரம் அப்படியே இருந்தாள். இன்னும் ஏதாவது வருமா என்று. பிறகு முன்னால் திரும்பி வண்டியை எடுத்தாள்.

மக்ரூன் வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் போய் ஒரு மாதத்தில், யார்டு முகவரிக்கு, நூல் சுற்றிய அட்டைப் பெட்டி. சரியாக அரைக் கிலோ. கடிதம் எதுவும் இல்லை. நான் கடிதம் கேட்கவில்லையே. கூட வேலை செய்தவர்கள் பங்கு போட்டுத் தின்றார்கள். எனக்கும் கல்யாணமாகி, தலை நரைத்து, சொந்தமாக ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் வண்டியும் வாங்கியாகிவிட்டது. அதில் ஸ்போர்ட் பொத்தான் கிடையாது. விற்பனைப் பையனிடம் விசாரித்தபோது, “உங்களுக்கு எதுக்கு சார் அது?” என்றான். நியாயமான கேள்வி. ராயபுரத்தில் சிக்னலுக்காக நிற்கும்போது பக்கத்தில் ஏதாவது ஒரு பெரிய வண்டி உறுமினால், என் மனைவி கண்ணாடியை ஏற்றச் சொல்வாள். நான் இன்னும் கொஞ்சம் இறக்குவேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை அதோடு முடியவில்லை. எனக்கு இன்னொரு வாய்ப்பும் தரப்பட்டது.

பத்து இருபதுக்குக் கீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மொத்தக் குடும்பமும் நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அவள் ஏற்றி நசுக்கினாள், பூசணிக்காய் உடைத்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வளையல்களை வாங்கிப் போட்டுக்கொண்டாள். “நான் ஸ்டாப்பிங்ல நிக்கறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

வாங்கியவர் படிவத்தைப் படித்தார். சும்மா கையெழுத்துப் போடுகிற ஜாதியில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் விரல் வைத்தார்.

“இது என்ன, கியர் பெட்டி பழுது?”

அடுத்த இருபது நிமிஷத்தை விவரிக்கப்போவதில்லை. அவர், அவர் மகன், மைத்துனர் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக, கைக்குட்டை சகிதம், நடந்ததை நடித்துக் காட்டினேன். மைத்துனர் மட்டும் சிரித்தார். கடைசியில் அந்தக் குறிப்பை அடித்துவிட்டு ‘பழுது எதுவும் இல்லை’ என்று எழுதி, அதன் கீழே என் முழுப் பெயரையும் போட்டு, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். போயிருப்பாள் என்றே நினைத்தேன்.

நிழற்குடையில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்.

“இம்மா நேரமா? ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டேன்” என்றாள்.

“ஏன், போயிருக்கலாமே” என்றேன். பாருங்கள், இதுவும் நான்தான்.

அவள் சாலையைப் பார்த்துத் திரும்பினாள். தூரத்தில் மூன்றாவது பஸ் தெரிந்தது. எனக்கு மேனேஜருக்காக ஒரு காகிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வரும் வேலை பாக்கி, அவளுக்கு நேராக யார்டு. பஸ் நெருங்கியது, நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் கடைசியாக ஏறினாள். படியில் நின்று கம்பியைப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள்.

“வரட்டா பேப்பரு?”

“பாத்து உள்ள போய் நில்லு. படியில நிக்காத.”

“செரி.”

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் முதல் கியரில் முக்கி நகர்ந்தது. இரண்டாவது. நான் கூடவே நாலடி நடந்தேன். டிரைவர் அதிலேயே வெகுநேரம் இழுத்தார், பஸ் அலறியது, புகை என் முகத்தில் அடித்தது. அப்புறம் மூன்றாவது கியர் விழுந்தது, சத்தம் தணிந்தது, பஸ் திருப்பத்தில் மறைந்தது.

அப்போது சொன்னேன். முழுதாக, ஒரு சொல் தடுமாறாமல், நல்ல கணீரென்ற குரலில். நீ எங்கேயும் போகாமல் என்னோடு இரு.

இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பஸ் போன திசையைப் பார்த்தார்.

“நைனா, இத்த அந்தப் பொண்ணு அர மணிநேரமா இங்க நின்னுகினு இருந்துச்சே, அப்ப சொல்லிருக்கலாம்ல?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஏதாவது ஒரு வேடிக்கை அங்கே எப்போதும் தயாராக இருக்கும். அன்று ஒன்றுகூட வரவில்லை.